ஐந்தாம் படிச் சமன்பாடு

எங்கள் வீட்டுப் பலாக்காய் வறுவலை இதுவரை வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. என் மனைவி அம்மிணி நல்ல தேங்காயெண்ணெயில் வறுப்பாள். உப்புத்தண்ணீரை எந்த நேரத்தில் தெளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள், அகிலேஷ் தம்பி. பூவாரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள். கேட்க வந்ததைக் கேட்டும் விட்டீர்கள்.

தன்யாவுக்கு உண்மையிலேயே வலிப்பு உண்டா என்பது உங்கள் கேள்வி. நேரான கேள்வி. இதை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். உண்டு, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் வழிமுறை காட்டாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பாள் தன்யா. நான் அவளுடைய மாணவன். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது என்னோடு ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில் கமிட்டிக்குப் போனார்கள். சிலர் தோட்டத்துக்குப் போய் ரப்பர் மரங்களோடு பேச ஆரம்பித்தார்கள். நான் கணக்குப் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக சர்க்கார் குமாஸ்தாக்கள். கூட்டுவோம், கழிப்போம், ஏன் என்று கேட்கமாட்டோம். கல்லூரியில் கணக்கில் தோற்றுத்தான் நானும் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றேன். நாற்பது வருஷம் அது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எக்ஸ் ஸ்கொயர் வருகிற இரண்டாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்க ஒரு சூத்திரம் உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் உருப்போட்டிருப்போம். மூன்றாம் படிக்கும் உண்டு, நான்காம் படிக்கும் உண்டு. ஐந்தாம் படிக்கு அப்படிப் பொதுவான சூத்திரம் கிடையாது. இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதல்ல. இருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டார்கள். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படித் தம்பி நிரூபிப்பது? அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடக்கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். பசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே தெரிகிறதே மாவு மில், அது வேலாயுதனுடையது. பின்னால் வீடு. அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தன்யா, இளையவள் அஞ்சு. தன்யா எம்.எஸ்சி. கணக்கில் முதல் வகுப்பு. அவள் நெய்யாற்றின்கரையில் டுட்டோரியலில் பாடம் எடுத்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அங்கேதான் பிசிக்ஸ் எடுத்தீர்கள். ஒருநாள் மில்லில் அரிசி மாவுக்குக் காத்திருக்கும்போது அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். மாவு ஆறிப்போகும் வரைக்கும் பதில் சொன்னாள். மறுநாள் மாலை டுட்டோரியல் விட்டு வந்ததும் நேரே எங்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

அவள் பாடம் எடுப்பதை நீங்கள் உட்கார்ந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. விடையைச் சொல்லமாட்டாள். நான் சொன்னாலும் விடமாட்டாள்.

"ஆன்சர் செரியாக்கும் மாமா. ஆனா அது ஏன் செரின்னு உங்களுக்குத் தெரியாது. அடிச்சுட்டு மறுபடி போடுங்க."

அறுபது தாண்டியவனை இப்படி அடித்தெழுத வைத்தாள். அம்மிணியின் அடுக்களையிலிருந்து ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துவந்து வரிசையாக வைத்து, இதை அங்கே மாற்று, அதை இங்கே மாற்று என்று ஐந்து பொருள்களை எத்தனை விதமாக இடம் மாற்றலாம் என்பதைக் கைக்குப் பழக்கினாள். ஐந்தாம் படிக்கான சாவி அந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது. காப்பி ஊற்ற டம்ளர் இல்லை என்று அம்மிணி முணுமுணுப்பாள். நாங்கள் காதில் வாங்கமாட்டோம்.

"டுட்டோரியல்ல பிள்ளைய, பரீட்சைக்கு வருமான்னு மட்டும்தான் கேக்குதுவ. ஏன்னு கேக்கது நீங்க ஒராளாக்கும் மாமா," என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிடும். என் வாழ்க்கையில் என்னைக் கண்டு அப்படி மலர்ந்த முகங்கள் அதிகமில்லை. எனக்கும் அவள்மீது அளவில்லாத பிரியம். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இனி வறுவல் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கேட்டுக் கல்யாண ஆலோசனை வந்தால், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இந்த முக்கில் யாரை விசாரிப்பது என்று கேட்டால், குற்றாலிங்கம் பிள்ளை சாரிடம் போங்கள், கண்ணியமான ஆள், நாக்கில் நரம்பில்லாமல் பேசமாட்டார் என்று சொல்லி அனுப்புவார்கள். விசாரிக்கிறவர்களும் நேராகக் கேட்கமாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள், ரப்பர் விலையைப் பற்றிப் பேசுவார்கள், வறுவலை மெச்சுவார்கள். எழுந்திருக்கும்போதுதான் வாயைத் திறப்பார்கள். சொல்கிறவரும் நேராகச் சொல்லமாட்டார். எப்படிச் சொல்கிறார், எவ்வளவு யோசித்துச் சொல்கிறார் என்பதைத்தான் எடைபோட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

முதலில் வந்தவர் வெள்ளறடைக்காரர், பையனுக்குத் தாய்மாமன், பொன்னுதாஸ் என்று பெயர். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"வேலாயுதனுக்க மூத்த மோள நாங்க ஒண்ணு ஆலோசிக்குதோம். சாருக்கு எதிர்வீடு இல்லியா. பிள்ளை எப்படி?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனம் முந்தின நாள் முடியாமல் நின்ற ஒரு கணக்கில் இருந்தது. அதிலிருந்து மீண்டு வருவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. "நல்ல பிள்ளையாக்கும்," என்று சொன்னபோது அவர் ஏற்கெனவே படியிறங்கிவிட்டார். அந்த ஆலோசனை அதோடு நின்றது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வேலாயுதனின் முகத்தைப் பார்க்கக் கூசி இரண்டு மூன்று நாள் மில்லுக்கே போகவில்லை. ஆனால் தன்யா வழக்கம்போல் மாலையில் வந்தாள், அந்தக் கணக்கும் முடிந்தது. அந்த அத்தியாயம் முழுவதும் முடிந்தது. அவள் வெள்ளறடைக்குப் போயிருந்தால் நான் பாதியில் நின்றிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தர்க்கம் படித்தோம். நிரூபணம் எழுத வேண்டுமானால் 'இப்படியென்றால் அப்படி' என்கிற வாக்கியம் எப்போது மெய், எப்போது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"மழை பெஞ்சா நான் குடை கொண்டு வாறேன்னு ஒருத்தன் சொன்னான்னு வையுங்க. மழை பெய்யல்ல. அவன் குடையும் கொண்டு வரல்ல. அவன் சொன்னது பொய்யா மாமா?"

"இல்ல."

"அப்ப மெய்யாக்கும். மழை பெய்யாத நாள்ல, பெஞ்சா வீட்டையே தூக்கிக்கொண்டு வாறேன்னு சொன்னாலும் அது மெய்யாக்கும். முதல் பாதி காலியா இருந்தா பொறவு எதையும் சொல்லலாம்."

அன்று எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. இத்தனை வயதுவரைக்கும் எவ்வளவு பயந்து பயந்து பேசியிருக்கிறேன் என்று நினைத்தேன். குமாஸ்தா உத்தியோகத்தில் ஒரு பொய் சொன்னதில்லை நான். ஊரில் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டே எவ்வளவோ சொல்லலாம் என்பதை இந்தப் பெண் டம்ளர் அடுக்குகிற அதே சாதாரணத்தோடு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாவதாகக் களியக்காவிளைப் பக்கமிருந்து வந்தார்கள். கணவன், மனைவி, தரகர். அந்த அம்மாளுக்கு வறுவல் மிகவும் பிடித்திருந்தது. கிளம்பும்போது வழக்கமான கேள்வி வந்தது. நான் சொன்னேன்: "தங்கமான பிள்ளை. வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தாலும் இந்தக் காலத்துல நல்ல மருந்து உண்டு. அதுக்காகவேண்டி ஒரு நல்ல பிள்ளைய வேண்டாம்னு வைக்கப்பிடாது."

இதில் பொய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். இருந்தால் மருந்து உண்டு. மெய். இருந்தாலும் வேண்டாமென்று வைக்கக்கூடாது. அதுவும் மெய், நல்ல மனசுள்ள யாரும் சொல்வதுதான். அந்த அம்மாள் கையில் எடுத்த வறுவலைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டாள்.

சொல் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அடுத்த வாரமே அம்மிணி குளத்துக்கரையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வேலாயுதனுக்க மூத்த மோளுக்கு சின்னதுலயே வலிப்பு உண்டாம். எதிர்வீட்டுல இருந்துட்டு நமக்குத் தெரியல்ல, பாத்தியளா?"

"யாரு சொன்னா?" என்று கேட்டேன். கேள்விக்கு மெய்யும் கிடையாது, பொய்யும் கிடையாது.

அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வருகிறவர்கள் பஸ் ஸ்டாப்பிலேயே கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார்கள். வேலாயுதன் ஜாதகத்தைக் குறை சொன்னான், கிரகத்தைக் குறை சொன்னான், பரிகாரம் செய்தான். தன்யாவின் அம்மா அவளைத் திங்கட்கிழமை நோன்பு இருக்க வைத்தாள். மூத்தவளுக்கு முடியாமல் இளையவளுக்குப் பார்க்க முடியாதே. தன்யாவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை, அம்மாவின் கண்ணீருக்காக இருந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் டுட்டோரியலுக்குப் போய்விட்டு அப்படியே என்னிடம் வருவாள். திங்கட்கிழமைகளில் கடினமான பாடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். உங்கள் விஷயத்தில் விசாரிப்பதற்கு ஒன்றுமில்லை; உங்களுக்கு அவளைத் தெரியும், அவளுக்கும் உங்களைத் தெரியும். அதை முதலில் யாரிடம் சொன்னாள் தெரியுமா? இந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம்தான் சொன்னாள்.

"வீட்டுல சொல்லதுக்கு முன்ன மாமாகிட்ட சொல்லணும்னு தோணிச்சு. அகிலேஷ் நல்ல ஆளாக்கும். மாமா பயப்படாதீங்க, கல்யாணம் கழிஞ்சாலும் ஞாயிறு ஞாயிறு வாறேன். அஞ்சாம் படி முடிக்காம உங்கள விடமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஞாயிறு ஞாயிறு என்பது முதலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறாகும். பிறகு குழந்தைக்குச் சுரம், பிறகு மாமியாருக்குக் கால்வலி, பிறகு ஓணத்துக்கு வந்தால் எட்டிப்பார்ப்பது. அவள் வாக்கு மாறுகிறவள் அல்ல; பூவாரில் ஒரு வீடும் அடுப்பும் அவளுக்காகக் காத்திருந்தன, அவ்வளவுதான். எனக்கோ அப்போது அறுபத்துநான்கு வயது. நாங்கள் சரியாக மலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

நான் எதையும் திட்டமிடவில்லை. அது ஒரு திங்கட்கிழமை. நல்ல புழுக்கம். அவள் டம்ளரைக் கையில் எடுத்தாள், முகம் வெளுத்தது, அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள். பட்டினி மயக்கம். கை ஆடவில்லை, கால் ஆடவில்லை, வாயில் நுரை இல்லை. வாழை இலை மடங்குவதுபோல மடங்கி விழுந்தாள். நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன்.

சத்தம் கேட்டு அம்மிணி ஓடிவந்தாள். ஊர்ப்பேச்சு அவள் காதிலும் ஏறியிருந்ததல்லவா, தண்ணீர் எடுக்கவில்லை. "இரும்பு, இரும்பு," என்று கத்திக்கொண்டு அலமாரிச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து பெண்ணின் கைக்குள் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். மில்லிலிருந்து வேலாயுதன் கையெல்லாம் மாவோடு ஓடிவந்தான். மகளையும் பார்த்தான், கையிலிருந்த சாவிக்கொத்தையும் பார்த்தான். ஒரு தகப்பன் இடிந்துபோவதை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான், இது நோன்பு மயக்கம் வேலாயுதா, கொஞ்சம் கஞ்சித்தண்ணி கொடு என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாக மலையாளத்தில் விசாரித்தார். இதற்குமுன் உண்டா என்றார். வேலாயுதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சின்னதுல உண்டுன்னு ஆளுவ பறையுதாவ டாக்டர். எனக்குத் தெரியல்ல. இவளுக்க அம்மைக்கு தெரிஞ்சிருக்கும், எனக்கிட்ட மறைச்சிருப்பா."

பெற்ற தகப்பனே நம்பிவிட்டான். டாக்டர் என் பக்கம் திரும்பி, விழுந்தபோது கூட இருந்தது நீங்கள்தானே, கைகால் இழுத்ததா, எப்போது நின்றது என்று கேட்டார். நான், "நான் நோக்கும்போ அனக்கம் ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றேன். இதைவிட உண்மையான வாக்கியம் ஒன்றை உங்களால் சொல்ல முடியுமா? அனக்கம் இல்லை, அசைவே இல்லை. தொடக்கத்திலிருந்தே இல்லை. அவர் அதை, இழுத்து முடிந்தபிறகு பார்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அது அவர் எடுத்துக்கொண்ட விதம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு அப்படித்தான், தெரியாது என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

சத்தம் போட வேண்டாம் தம்பி. அம்மிணி உள்ளே இருக்கிறாள், அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. உங்களுக்குக் கோபம் வருவது இயல்புதான். வேறொருத்தியைக் கட்டிக் குழந்தையும் ஆனபிறகு, நேற்று பஸ் ஸ்டாண்டில் தன்யாவைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். இந்த வழியாக வருகிற பாறசாலை பஸ் முன்னால் வந்து நின்றும் ஏறாமல், இது எந்தப் பஸ் என்று உங்களிடமே கேட்டாள் என்றீர்கள். உங்களை அடையாளம் தெரிந்தது என்றும், ஆனால் பெயர் வர நேரமானது என்றும் சொன்னீர்கள். ஆமாம், அந்த மாத்திரை அவளை மந்தமாக்கிவிட்டது. எல்லோருக்கும் அப்படி ஆகாதாம். இவளுக்கு ஆகிவிட்டது. டுட்டோரியலை விட்டு நின்றுவிட்டாள். மில்லில் அப்பாவுக்கு ஒத்தாசையாக மூட்டைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள்.

அதற்குப் பிறகும் கொஞ்சநாள் எனக்குப் பாடம் எடுக்க வந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். டம்ளர்களை அடுக்குவாள். ஒன்றை எடுத்து மாற்றுவாள். பிறகு கையில் டம்ளரோடு அப்படியே நின்றுவிடுவாள்.

"மாமா, இத ஏன் இங்க வச்சேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, தம்பி. மறைக்க வேண்டியதில்லை, அழுதேன். அவ்வளவு கூர்மையான புத்தி. கடைசி ஏற்றத்துக்கு இன்னும் இரண்டே அத்தியாயம்தான் பாக்கி. நான் அழுவதைப் பார்த்து, "மாமா வெஷமப்படாதீங்க, நான் பைய நினைச்சு எடுக்கேன்," என்று என்னைத் தேற்றினாள். இவ்வளவு செய்தும் யாருக்கும் பிரயோஜனப்படாமல் போய்விட்டதே என்று எனக்குப் பல நாள் மனசு ஆறவில்லை.

நல்லவேளையாக அஞ்சு அதற்குள் எம்.எஸ்சி.யில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு அக்காவின் பொறுமை கிடையாது, கொஞ்சம் வெடுக்கென்று பேசுவாள், ஆனாலும் கெட்டிக்காரி. அவள்தான் மிச்சத்தை முடித்துக்கொடுத்தாள். ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் ஏன் இருக்க முடியாது என்று எனக்கு இப்போது தெரியும். கடைசி வரியை என் கையாலேயே எழுதினேன். எழுதி முடித்ததும், இவ்வளவுதானா என்று இருந்தது. அதனால் வேறொன்று ஆரம்பித்திருக்கிறோம், பகா எண்களைப் பற்றி. அது இதைவிடப் பெரியது. ஆரியங்கோட்டிலிருந்து அஞ்சுவுக்கு ஒரு ஆலோசனை வந்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க வருவார்கள் என்றும் வேலாயுதன் சொன்னான். "சார் ஒரு வார்த்தை சொன்னா போரும்," என்றான். அம்மிணி இன்று வறுத்தது அவர்களுக்காகத்தான்.

ஆக, உங்கள் கேள்விக்கு விடை: இல்லை. வலிப்பு கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. நான் செய்ததும் இவ்வளவுதான். இதில் ஒரு பொய் வாக்கியம்கூட இல்லை என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தன்யா கேட்கவில்லையா என்கிறீர்களா?

கேட்டாள். முதல் ஆள் நீங்கள் என்று நான் சொன்னது வெளியாட்களை மனதில் வைத்துத்தான். அவள் கேட்டது மாத்திரை தொடங்கிய புதிதில், அவளுக்குத் தலை அவ்வளவு மந்தமாகியிருக்கவில்லை. என்ன வந்தாலும் கட்டிக்கொள்கிறேன் என்று நீங்கள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்த வாரம். அவள் மட்டும் வந்தாள். உட்காரவில்லை. மாத்திரை கையில் இருந்தது.

"மாமா, எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. பக்கத்துல இருந்தது நீங்க மட்டுமாக்கும். நீங்க இல்லன்னு சொன்னா இத இப்பவே தூரப் போட்டிருவேன். அன்னைக்கு எனக்கு கைகால் இழுத்துதா?"

என்னைத்தவிர வேறு யார் சொல்லையும் அவள் நம்பத் தயாராக இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இழுத்துது மக்கா," என்றேன்.

அம்மிணி வைத்துவிட்டுப் போன தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன், மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள். மறுநாள்தான் உங்களை வேண்டாமென்று சொல்லி அனுப்பினாள். இப்படியா அப்படியா என்று அந்தப் பிள்ளை கிடந்து தவிக்கிறதே, அவள் மனசுக்கு ஒரு சமாதானம் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.